செருப்பைக் கழற்றச் சொல்லுங்கள்

தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போய்விட்டு வந்த ஓய்வுபெற்ற பேருந்து நடத்துநர் ஒருவரை நமக்குத் தெரியும். பதினைந்து ஆண்டுகளாகச் சர்க்கரை. வீடு திரும்பிய இரவு, அவர் நடந்த இடமெல்லாம் தரையில் ஈரத் திட்டுகள் இருப்பதை மருமகள்தான் பார்த்திருக்கிறார். "மாமா, காலைக் காட்டுங்க" என்று விளக்கடியில் உட்காரவைத்துப் பார்த்தால், வலது பெருவிரலுக்குக் கீழே சதைக்குள் ஒரு கண்ணாடிச் சில்லு. அதை எங்கே மிதித்தார், அதன்மேல் எத்தனை மைல் நடந்தார் என்று அவருக்குத் தெரியவில்லை. வலியே தெரியாமல் முருகன் கொண்டுவந்து சேர்த்துவிட்டான் என்று அன்றைக்குப் பெருமையாகக்கூடச் சொன்னாராம். மாசியில் விரல் போனது. வைகாசிக்குள் முழங்காலுக்குக் கீழே ஒன்றும் இல்லை.

அவர் மாத்திரை போடாதவர் அல்ல. அவருடைய மருத்துவக் குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்தோம். நான்கு ஆண்டுகள், மாதம் தவறாத பதிவுகள். எடை இருக்கிறது, ரத்த அழுத்தம் இருக்கிறது, வெறும் வயிற்றுச் சர்க்கரை இருக்கிறது, மாத்திரையின் பெயரும் எண்ணிக்கையும் இருக்கின்றன. பாதத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. இத்தனை முறை போய் வந்தவரிடம் செருப்பைக் கழற்றுங்கள் என்று ஒருவரும் சொன்னதில்லை.

நாம் அடிக்க விரும்பும் அபாய மணி இதுதான். சர்க்கரை நோய் பரவுகிறது என்பது பழைய செய்தி. அதற்கு மாத்திரை கொடுத்துவிட்டோம் என்ற நிம்மதியில் நோயாளியின் உடம்பைப் பார்க்காமல் விட்டுவிட்டோம் என்பது புதிய ஆபத்து.

எண்களைச் சற்றுப் பார்ப்போம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவின் நாடு தழுவிய ஆய்வு 2023இல் வெளியானது. நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு, அதன் வாசற்படியில் நிற்பவர்கள் இன்னும் 13.6 கோடி என்றது அது. தமிழ்நாட்டில் பெரியவர்களில் நூற்றுக்கு 14 பேருக்கு மேல் நோய் இருக்கிறது. புதுச்சேரியிலும் கேரளத்திலும் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு. இவை பலரும் மேற்கோள் காட்டும் எண்கள்தான். நம்மைத் தூங்கவிடாத எண் வேறு. தமிழ்நாடு அரசே 2020இல் நடத்திய ஆய்வில், சர்க்கரை உள்ளவர்களில் அதைக் கட்டுக்குள் வைத்திருந்தவர்கள் 10.8 சதவீதம்தான். மீதி 89 சதவீதம் பேரில் பலருக்கு நோய் இருப்பதே தெரியாது. தெரிந்தவர்களில் பலர் சிகிச்சையில் இல்லை. சிகிச்சையில் இருந்தவர்களிலும் பலருக்குச் சர்க்கரை இறங்கவில்லை.

அதற்குப் பிறகு அரசு சும்மா இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்', வாசலுக்கே வந்து சர்க்கரை பார்த்து மாத்திரை கொடுக்கிறது. கூலி வேலைக்குப் போகிறவர் ஒரு நாள் சம்பளத்தை இழந்து வரிசையில் நிற்க வேண்டிய அவசியத்தைப் போக்கியது பெரிய காரியம். 2024இல் ஐ.நா. அமைப்பின் விருதும் கிடைத்தது. 2020க்கு அடுத்து எடுத்த ஆய்வில் கட்டுக்குள் இருப்போர் ஏறத்தாழ 17 சதவீதமாக உயர்ந்தார்கள். உயர்வுதான், மறுக்கவில்லை. ஆனால் ஆறு பேரில் ஐந்து பேர் இன்னும் வெளியே நிற்கிறார்கள். எத்தனை லட்சம் வீடுகளுக்குப் போனோம் என்ற கணக்கு மேடைக்கு மேடை சொல்லப்படுகிறது. போன வீடுகளில் எத்தனை பேருக்குச் சர்க்கரை இறங்கியது என்பதை அதே உரத்த குரலில் சொல்லக் கேட்டதில்லை.

இது சர்க்கரை மருத்துவத்தில் பின்தங்கிய ஊரும் அல்ல. 1948இலேயே சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் பேராசிரியர் எம். விஸ்வநாதன் நீரிழிவுக்கென்று தனிப் புறநோயாளிப் பிரிவைத் தொடங்கினார். பல மாநிலங்களில் அப்படி ஒரு பிரிவு வேண்டும் என்ற நினைப்பே வராத காலம் அது. அந்தச் சென்னையில் 1989இல் எடுத்த ஆய்வில் பெரியவர்களில் 8.3 சதவீதம் பேருக்கு நோய். 2006இல் 18.6 சதவீதம். பதினேழே ஆண்டுகளில் இரட்டிப்புக்கும் மேல். மருத்துவர்கள் பெருகப் பெருக நோயும் பெருகிய விந்தை எங்கள் ஊருக்கே உரியது என்று நக்கலாகச் சொல்லிவிட்டுப் போகலாம். உண்மை என்னவென்றால், மருத்துவமனை வாசலுக்கு வெளியே நடந்த எதையும் நாம் மாற்றவில்லை.

வெளியே என்ன நடந்தது? கணையம் சுரக்கும் இன்சுலின், ரத்தத்தில் உள்ள சர்க்கரையைத் தசைக்குள்ளும் கல்லீரலுக்குள்ளும் அனுப்பிவைக்கிறது. அதிலும் தசைதான் பெரிய கிடங்கு. வேலை செய்யாத தசை கதவைத் திறப்பதில்லை. கல்லீரலிலும் வயிற்றைச் சுற்றியும் கொழுப்பு படிந்தால் தாழ்ப்பாள் இன்னும் இறுகுகிறது. கணையம் கூடுதலாகச் சுரந்து பல ஆண்டுகள் தாக்குப்பிடிக்கிறது, பிறகு களைத்துவிடுகிறது. வெளியில் தெரியும்போது நோய்க்குப் பெரும்பாலும் சில வயது ஆகிவிட்டிருக்கும்.

"நான் ஒல்லிதானே, எனக்கெப்படி வரும்?" என்று கேட்பவர்களுக்கு ஒரு புகைப்படத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். புனேயைச் சேர்ந்த மருத்துவர் யாக்னிக்கும் லண்டனைச் சேர்ந்த மருத்துவர் யுட்கினும் அருகருகே நிற்கும் அந்தப் படம் 2004இல் 'லான்செட்' இதழில் வந்தது. உயரத்துக்கேற்ற எடை என்ற அளவுகோலில் இருவருக்கும் ஒரே எண்: 22.3. பார்வைக்கு இருவருமே குண்டானவர்கள் இல்லை. உடம்பில் கொழுப்பு மட்டும் ஆங்கிலேயருக்கு 9.1 சதவீதம், இந்தியருக்கு 21.2 சதவீதம். நம் கை கால் மெலிந்திருக்கும், வயிறு மட்டும் முன்னால் வரும். இதைத் 'தொப்பை' என்று செல்லமாக அழைத்துச் சிரிக்கிறோம். எடைபார்க்கும் இயந்திரத்தைவிடத் தையற்காரரின் அளவுநாடாதான் நமக்குச் சரியான கருவி. இடுப்பளவு ஆணுக்கு 90 சென்டிமீட்டரையும் பெண்ணுக்கு 80 சென்டிமீட்டரையும் தாண்டினால், எடை எதுவாக இருந்தாலும் சர்க்கரை பார்த்துவிட வேண்டும்.

அடுத்தது தட்டு. காலையில் இட்லி, மதியம் சோறு, ராத்திரி தோசை. மூன்றும் அரிசி, அதுவும் தவிட்டை முழுக்க உரித்தெடுத்த வெள்ளை அரிசி. வயலில் இறங்கி எட்டு மணி நேரம் உழைத்தவரின் சாப்பாட்டு அளவு அப்படியே இருக்க, வேலை மட்டும் நாற்காலிக்கு மாறிவிட்டது. இனிப்பை நிறுத்திவிட்டேன் என்று சொல்பவர், மூன்றாவது முறையாகச் சோறு போட்டுக்கொள்வதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. வெள்ளைச் சீனிக்குப் பதில் நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, தேன் என்று மாறியவர்களும் உண்டு. ரத்தத்துக்கு அந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. நீலகிரியிலும் தருமபுரியிலும் 2023 முதல் ரேஷன் கடையில் இரண்டு கிலோ அரிசிக்குப் பதிலாகக் கேழ்வரகு கொடுக்கிறார்கள். நல்ல தொடக்கம். ஆனால் கேழ்வரகையும் மைபோல அரைத்துக் கூழாக்கி இரண்டு சொம்பு குடித்தால் அரிசிக்கு அது பெரிய மாற்று இல்லை. அளவைக் குறைத்து, காயையும் பருப்பையும் கூட்டாத வரை தானியத்தின் பெயரை மாற்றி அதிகப் பயனில்லை.

தடுக்க முடியுமா என்பதற்குச் சென்னையிலேயே விடை இருக்கிறது. மருத்துவர் அ. ராமச்சந்திரன் குழுவினர், சர்க்கரை வரும் நிலையில் இருந்த 531 பேரை ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் பின்தொடர்ந்து 2006இல் முடிவை வெளியிட்டார்கள். வழக்கமான அறிவுரையோடு விடப்பட்டவர்களில் 55 சதவீதம் பேருக்கு நோய் வந்தது. தினமும் அரை மணி நேர நடை, குறைந்த மாவுச்சத்து, விடாத நினைவூட்டல் என்று இருந்தவர்களில் 39 சதவீதம். மாத்திரை கொடுத்ததிலும் ஏறத்தாழ அதே பயன்தான், இரண்டையும் சேர்த்துக் கொடுத்ததில் கூடுதலாக ஒன்றும் கிடைக்கவில்லை. நடை மாத்திரைக்கு ஈடாக நின்ற இந்தத் தகவல் இருபது ஆண்டுகளாக நம் கையில் இருக்கிறது. நடைபாதையில்தான் இருசக்கர வாகனம் நிற்கிறது, அதற்குப் பக்கத்தில் டிரான்ஸ்ஃபார்மர், அதற்கும் பக்கத்தில் பஜ்ஜிக் கடை. நடக்கச் சொல்லும் மருத்துவர் எங்கே நடப்பது என்று சொல்வதில்லை, அது அவர் வேலையும் இல்லை. அது மாநகராட்சியின் வேலை.

கண்டுபிடிப்பதில் நாம் செய்யும் கள்ளத்தனத்துக்கு வருவோம். நாளைக்கு டெஸ்ட் என்றால் இன்றைக்குப் பத்தியம். ராத்திரி இரண்டு சப்பாத்தி, விடியற்காலை நடை, "ஒன்பது மணிக்குப் பார்த்தேன், நூற்றுப் பத்துதான்" என்று ஒரு சிரிப்பு. வீட்டுக்காரர் வரும் நாளில் மட்டும் வீட்டைப் பெருக்கிவைப்பது போலத்தான் இதுவும். வெறும் வயிற்றில் 126, சாப்பிட்ட பிறகு 200 என்பவை நோயை உறுதிசெய்யப் பயன்படும் எல்லைகள். அவை அந்தந்த நேரத்துச் சர்க்கரையை மட்டும் காட்டுகின்றன. மூன்று மாதச் சராசரியை ஹெச்பிஏ1சி என்ற ரத்தப் பரிசோதனை காட்டிக்கொடுத்துவிடும். சிவப்பணு ஒன்று ஏறத்தாழ 120 நாள் வாழ்கிறது. அத்தனை நாளும் அது நீந்திய சர்க்கரையின் சாயம் அதன்மேல் படிந்திருக்கும், ஒரு நாள் பத்தியத்தால் அதைக் கழுவ முடியாது. 6.5 சதவீதமும் அதற்கு மேலும் நீரிழிவு, 5.7இல் இருந்தே எச்சரிக்கை. ரத்தசோகை உள்ளவர்களுக்கு இந்த எண் தப்பாக வரலாம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். நம் பெண்களில் பாதிப்பேருக்கு ரத்தசோகை இருக்கும் நாட்டில் இது சிறிய விஷயம் அல்ல. ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரும் ஒவ்வொரு சர்க்கரை நோயாளிக்கும் ஆண்டுக்கு இரண்டு முறையாவது இந்தச் சோதனை இலவசமாகக் கிடைக்க வேண்டும். விரல் நுனியில் குத்திப் பார்க்கும் எண்ணை மட்டும் நம்பி மாத்திரையைக் கூட்டுவதும் குறைப்பதும் குருட்டு வைத்தியம்.

கர்ப்பிணிகள் விஷயத்தில் தமிழ்நாடு நாட்டுக்கே வழிகாட்டியது. பேராசிரியர் வீ. சேஷையா எளிய வழி ஒன்றை வகுத்தார். பட்டினி கிடக்க வேண்டியதில்லை. 75 கிராம் குளுக்கோஸ் கரைத்த தண்ணீரைக் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து ஒரே ஒரு ரத்தப் பரிசோதனை. 140ஐத் தொட்டாலே கவனம். 2007இல் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இது கட்டாயம் என்று அரசு ஆணையிட்டது. குழந்தை பிறந்ததும் என்ன ஆகிறது? தாயை மறந்துவிடுகிறோம். கர்ப்பத்தில் சர்க்கரை வந்தவர்களுக்குப் பின்னாளில் நிரந்தரமாக வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். ஆறாவது வாரம் குழந்தைக்குத் தடுப்பூசி போட தாய் பெரும்பாலும் தவறாமல் வந்துவிடுகிறாள். அதே நாளில், அதே இடத்தில், அவளுக்கும் ஒரு சர்க்கரைப் பரிசோதனை செய்துவிடலாம். புதிய திட்டமோ நிதியோ தேவையில்லை, அட்டையில் ஒரு கட்டம் சேர்த்தால் போதும்.

இன்சுலின் ஊசி என்றால் "கடைசி கட்டமாம்" என்று பக்கத்து வீட்டில் துக்கம் விசாரிக்க வரும் வழக்கமும் ஒழிய வேண்டும். 1922 ஜனவரியில் டொரண்டோவில் சாவின் விளிம்பிலிருந்த சிறுவன் ஒருவனுக்கு முதன்முதலில் செலுத்தப்பட்ட மருந்து அது. இன்றைக்கும் முதல் வகை நீரிழிவு வந்த குழந்தைகளுக்கு அதைவிட்டால் உயிர் இல்லை. ஊசியை நிறுத்தச் சொல்லிப் பொடி கொடுக்கும் ஆட்களை நம்பிய குடும்பங்களில் சில நாட்களுக்குள் குழந்தை போய்விடுகிறது. இந்த ஆட்கள் மீது வழக்குப் போடத் தயங்கும் அரசை நாம் மென்மையாக விமர்சிக்கப் போவதில்லை. மறுபக்கம், 2025 மார்ச்சில் 'மவுஞ்சாரோ' இந்தியாவுக்கு வந்ததிலிருந்து வசதியுள்ள வீடுகளின் விருந்துகளில் எடை குறைக்கும் ஊசியைப் பற்றித்தான் பேச்சு. மருந்து நல்ல மருந்துதான். நூல் வாங்கக் காசில்லாத ஊரில் பட்டுப்புடவைக் கண்காட்சி நடப்பது போல இருக்கிறது, அவ்வளவுதான்.

நூல் என்று சொன்னது உவமை மட்டும் அல்ல. மறுபடி பாதத்துக்கு வருவோம்.

உடம்பின் மிக நீளமான நரம்புகள் முதுகுத்தண்டிலிருந்து கால்விரல் வரை ஓடுகின்றன. நரம்புக்குச் சோறு போடும் நுண்குழாய்களைச் சர்க்கரை அரிக்கும்போது, தொலைவில் இருக்கும் முனை முதலில் பட்டினி கிடக்கிறது. அதனால்தான் விரல் நுனியில் தொடங்கி மேலே ஏறுகிறது. முதலில் எரிச்சல், மதமதப்பு, பஞ்சில் நடப்பது போல ஓர் உணர்வு. பிறகு அதுவும் போய்விடும். எரிச்சல் நின்றதும் குணமாகிவிட்டது என்று நோயாளி நினைக்கிறார். உணர்ச்சியோடு வியர்வையும் நின்றுபோகிறது, தோல் காய்ந்து பித்தவெடிப்பு விழுகிறது. பாதத்தின் சிறு தசைகள் மெலிந்து விரல்கள் பறவையின் நகம்போல மடங்குகின்றன, எடை முழுவதும் ஓரிரு இடங்களில் அழுந்தி அங்கே ஆணி விழுகிறது. ஆணிக்கு அடியில் புண். அந்தப் புண்ணைக் கண் பார்க்காவிட்டால் வேறு எதுவும் பார்க்காது. வலி வராதே. சர்க்கரையால் கால் எடுக்கப்பட்டவர்களில் நூற்றுக்கு எண்பதுக்கும் மேற்பட்டவர்களுக்கு முதலில் வந்தது இப்படி ஒரு சாதாரணப் புண்தான்.

வலியின்மையின் இந்த ஆபத்தை உலகத்துக்கு எடுத்துச்சொன்ன இடம் நம் வேலூர் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் விரல்கள் தாமாக அழுகி விழுவதில்லை, வலி தெரியாததால் அவர்களே அறியாமல் காயப்படுத்திக்கொள்வதால் தேய்ந்துபோகின்றன என்று காட்டினார். அங்கும் பக்கத்துக் கரிகிரியிலும் நடந்த வேலையில்தான் மெத்தென்ற ரப்பர் அடியுள்ள எம்.சி.ஆர். செருப்பு பிறந்தது. 1966இல் அவர் அமெரிக்காவுக்குப் போனபோது அந்தப் பாடம் நீரிழிவுக் கால்களுக்கும் போய்ச் சேர்ந்தது. நாம் உலகத்துக்குக் கற்றுக்கொடுத்ததை நம் ஊர் நடத்துநருக்குச் சொல்லிக்கொடுக்க மறந்துவிட்டோம்.

பாதத்தில் உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்க, தூண்டில் நரம்பு போன்ற ஒரு நைலான் இழை போதும். பத்து கிராம் அழுத்தத்தில் வளையும்படி செய்த அந்த இழையைப் பாதத்தில் சில இடங்களில் தொட வேண்டும். நோயாளி கண்ணை மூடிக்கொண்டு "படுது, படுது" என்று சொல்லிக்கொண்டு வர வேண்டும். சொல்லாத இடம்தான் ஆபத்தான இடம். மூன்று நிமிடம் ஆகாது. மாநில அரசு 'பாதம் பாதுகாப்போம்' என்றே ஒரு திட்டத்தை அறிவித்திருக்கிறது. பெயர் நன்றாக இருக்கிறது. மாத்திரைப் பையோடு வாசலுக்கு வரும் சுகாதாரத் தன்னார்வலரின் கையில் அந்த இழை இருக்கிறதா, அதைத் தொட்டுப் பார்க்க அவருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்களா, உணர்ச்சியற்ற பாதம் ஒன்றைக் கண்டுபிடித்தால் எங்கே அனுப்ப வேண்டும் என்று அவருக்குத் தெரியுமா என்பதே கேள்வி. அந்தத் தன்னார்வலர்களுக்குக் கிடைக்கும் ஊக்கத்தொகையையும் அவர்கள் ஏறி இறங்கும் வீடுகளின் எண்ணிக்கையையும் பார்த்தால், இன்னொரு வேலையை அவர்கள் தலையில் கட்டுவதற்கு முன் சம்பளத்தைப் பேசிவிடுவதுதான் நியாயம்.

வீட்டில் செய்ய வேண்டியது இன்னும் எளிது. ராத்திரி கால் கழுவும்போது உள்ளங்காலை யாராவது பார்க்க வேண்டும். குனிய முடியாதவர்கள் தரையில் முகம் பார்க்கும் கண்ணாடியை வைத்துப் பார்க்கலாம். செருப்புக்குள் கைவிட்டுத் தடவிவிட்டுப் பிறகு போட வேண்டும். வெறுங்காலோடு நடக்கக்கூடாது, கோயில் பிரகாரத்திலும்தான். பங்குனி, சித்திரை வெயிலில் கருங்கல் தளத்தில் ஒரு சுற்று வந்தவர்களின் கொப்புளங்களை மருத்துவமனைகள் ஆண்டுதோறும் பார்க்கின்றன. கோயில் நிர்வாகங்கள் கயிற்றுப் பாய் விரிக்கின்றன, தண்ணீர் தெளிக்கின்றன, சரி. சர்க்கரை உள்ளவர்கள் பிரகாரத்துக்குள் துணிக் காலுறை அணிந்து வரலாம் என்று ஓர் அறிவிப்புப் பலகையும் வைத்தால் எந்தச் சாமியும் கோபித்துக்கொள்ளாது.

கண்ணும் சிறுநீரகமும் இதே கதைதான். ஆண்டுக்கு ஒரு முறை விழித்திரைப் படம், ஆண்டுக்கு ஒரு முறை சிறுநீரில் புரதம் பார்ப்பது. பார்வை மங்கிய பிறகும் கால் வீங்கிய பிறகும் வருபவர்களுக்கு மருத்துவம் செலவு வைக்கும், அதிகம் மீட்டுக்கொடுக்காது. டயாலிசிஸுக்குக் காப்பீட்டுத் திட்டத்தில் கோடிகளைக் கொட்டும் அரசு, அதற்குப் பத்து ஆண்டு முன்னால் செய்ய வேண்டிய சிறுநீர்ப் பரிசோதனையில் கஞ்சத்தனம் காட்டுகிறது.

அந்த நடத்துநர் இப்போது செயற்கைக் காலோடு திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். மாத்திரை இப்போதும் மாதந்தவறாமல் வந்துவிடுகிறது. மிச்சமிருக்கும் இடது பாதத்தை மருமகள் தினமும் பார்க்கிறார். குறிப்பேட்டில் அதற்கு இன்னும் இடமில்லை.

சுகாதாரத் துறை மானியக் கோரிக்கை அடுத்த முறை சட்டமன்றத்துக்கு வரும்போது, கொள்கை விளக்கக் குறிப்பில் எத்தனை பேருக்கு மாத்திரை வழங்கினோம் என்ற வழக்கமான வரிக்குக் கீழே இன்னும் மூன்று வரிகள் இருக்க வேண்டும்: எத்தனை பேருக்குச் சர்க்கரை கட்டுக்குள் வந்தது, எத்தனை பேரின் பாதம் பார்க்கப்பட்டது, அந்த ஆண்டில் சர்க்கரையால் எத்தனை கால்கள் வெட்டப்பட்டன. மாவட்டவாரியாக. ஆளுங்கட்சி எழுதாவிட்டால் எதிர்க்கட்சி எழுந்து கேட்க வேண்டும்.